ப்ளஸ் டூவுக்குப் பின்னால் ஒரு விஞ்ஞானி

நம்ம ஹாஸ்டலுக்குப் புதுசா வரும் பையனிடம் சீனியர்கள் கேட்கும் முதல் கேள்வி, ப்ளஸ் டூவில் எவ்வளவு மார்க் என்பதுதான். நமக்கு மூத்த அண்ணன்மார்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அவர்கள் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பி.யூ.சி. படித்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ வந்தது. இந்த 10+2+3 முறையை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்த குழுவின் தலைவர் அரசியல்வாதி அல்ல, ஓர் இயற்பியல் விஞ்ஞானி. அவர்தான் டாக்டர் தௌலத் சிங் கோத்தாரி.

1906-ல் உதய்ப்பூரில் பிறந்த கோத்தாரி, சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். உதவித்தொகையில் அலகாபாத் சென்று மேகநாத் சாகாவிடம் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி. 1934-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1948 முதல் 1961 வரை பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர், அடுத்து 1973 வரை யு.ஜி.சி. தலைவர்.

1964-ல் மத்திய அரசு அவரைக் கல்விக் குழுவின் தலைவராக்கியது. அதற்கு முன் ராதாகிருஷ்ணன் குழு பல்கலைக்கழகங்களையும், நம்ம ஏ. லட்சுமணசாமி முதலியார் குழு உயர்நிலைப் பள்ளிகளையும் தனித்தனியாக ஆராய்ந்திருந்தன. கோத்தாரி குழுவோ ஒன்றாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை மொத்தத்தையும் ஒரே அமைப்பாகப் பார்த்தது. 12 பணிக்குழுக்கள், 7 செயற்குழுக்கள். சுமார் 100 நாட்கள் மாநிலம் மாநிலமாகப் பள்ளி, கல்லூரிகளுக்குப் பயணம். சுமார் 9,000 பேரிடம் நேரில் கருத்துக் கேட்டார்கள். 1966 ஜூனில் அறிக்கை தயார்.

ஒரு உதாரணம் பாருங்கள். பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த வகுப்பில் என்று குழு கணக்குப் பார்த்தது. ஃபெயிலாகித் தேங்குவதும் பாதியில் நிற்பதும் ஒன்றாம் வகுப்பிலேயே அதிகம் என்று தெரிந்தது. அதனால் முதல் இரண்டு வகுப்புகளையாவது இடையில் ஃபெயில் போடாமல் ஒரே பிரிவாக நடத்தலாம் என்று சொன்னார்கள். குழாயில் எங்கே கசிவு என்று பார்த்த பிறகே ஸ்பேனரை எடுப்பது நம்ம தொழில் தர்மம். கோத்தாரியின் வழியும் அதுவேதான்.

கல்விக்கு அரசு செலவிடும் பணத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் கல்வி ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்றும் குழு சொன்னது. ஏழை, பணக்காரன் பேதமின்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப்பள்ளி முறையையும், ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளத்தையும் கேட்டது. கல்விச் செலவு 1985-86-க்குள் தேசிய வருமானத்தில் 6 சதவீதமாக வேண்டும் என்றது.

1968-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை இந்த அறிக்கையை வைத்தே உருவானது. மும்மொழித் திட்டத்தை நம் மாநிலம் ஏற்கவில்லை. ஆனால் 10+2+3 எல்லா இடத்திலும் வேரூன்றியது. பணம் செலவாகாத பரிந்துரைகள் சீக்கிரம் நடந்தன, பணம் தேவைப்பட்டவை காத்திருந்தன. அந்த 6 சதவீதத்தை 1986 கொள்கையும் பேசியது, 2020 கொள்கையும் பேசுகிறது! பொதுப்பள்ளியோ ஏட்டோடு நின்றுவிட்டது.

ஐ.ஏ.எஸ். கனவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொரு செய்தி. 1979-ல் வந்த பிரிலிமினரி, மெயின் முறைக்கும், தமிழிலேயே மெயின் தேர்வு எழுதும் வாய்ப்புக்கும் அடிப்படை, 1976-ல் கோத்தாரி தலைமையில் வந்த இன்னொரு அறிக்கைதான். பத்ம விபூஷண் பெற்ற அவர் 1993-ல் மறைந்தார்.

நண்பர்களே, படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு நம்மில் பலருக்கு ஆசை உண்டு. உடனே கம்ப்யூட்டரோ பெஞ்சோ வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஆசிரியர்களோடு உட்காருவோம். எந்த வகுப்பில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். பர்ஸை அப்புறம் திறக்கலாம்.