லூசி வில்ஸ் அம்மையார்

ஆவடியில் என் அக்காள் கருவுற்றிருந்தபோது, செவிலியர் தந்த ஃபோலிக் அமில மாத்திரைகளை உண்ணாமல் ஒதுக்கி வைத்தாள். எதற்கு அவை என்றாள். அறிவியல் பயிலும் எனக்கு விடை தெரியவில்லை. தேடியபோது லூசி வில்ஸ் அம்மையாரை அறிந்தேன்.

1888இல் இங்கிலாந்தில் பிறந்த இம்மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். அங்கு ஏழைக் கர்ப்பிணிகளின் உயிரைப் பறித்த இரத்தசோகையை ஆராய்ந்தார். நம் குன்னூரிலும் ஆய்வைத் தொடர்ந்தார். உணவுக் குறையே காரணம் என்றும், மலிவான ஈஸ்ட் சாறே மருந்து என்றும் கண்டு 1931இல் வெளியிட்டார்.

அச்சாற்றிலிருந்த சத்தே ஃபோலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் 1945இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாக ஆக்கினர். அம்மையார் 1964இல் மறைந்தார்.

இக்கதையை அக்காளிடம் சொன்னேன். அதன்பின் அவள் ஒருநாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. நண்பர்களே, கற்றதை நம் வீட்டாருக்கும் சொல்வோம்.