1932ஆம் ஆண்டும் இரட்டைமலை சீனிவாசனாரும்

பழவேற்காட்டு ஏரிக்கரை மக்களாகிய நாம் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் பொன்னேரி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியாகும். தேர்தல்தோறும் வாக்குச்சாவடிக்குச் செல்லும் நம் இளைஞருள் பலர், இவ்வொதுக்கீட்டிற்கு எந்த ஆண்டில் வித்திடப்பட்டது, எவர் கையொப்பங்கள் அதற்குத் துணை நின்றன என்பதை அறியார். அந்த ஆண்டு 1932. கையொப்பமிட்டோருள் ஒருவர், பொன்னேரி வட்டமும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணிலேயே பிறந்த திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அப்பெருந்தகையின் வரலாறு இடம்பெறுவது பொருத்தமுடைத்து. ஏன் பொருத்தம் என்பது போகப்போக விளங்கும்.

மதுராந்தகம் பகுதியிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் பிறந்தார். இரட்டைமலை என்பதை ஊர்ப் பெயர் எனப் பலர் எண்ணுகின்றனர். அது அவர்தம் தந்தையாரின் பெயர். கோயம்புத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்தனர். அவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலம் இன்னதென்று தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் சிறுவர் சீனிவாசன் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பார். ஆசிரியர் வகுப்பில் நுழையும்போதுதான் அவரும் பின்தொடர்ந்து செல்வார். வகுப்பு கலைந்ததும் எவரும் உடன் வந்து பேச்சுக் கொடுக்கா வண்ணம் விரைந்து வீடு திரும்புவார். ஒத்த வயதுப் பிள்ளைகளுடன் கூடி விளையாட இயலாத அக்கொடுமை, முதுமையில் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுத அமர்ந்தபோதும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவர் பின்னாளில் செய்த பெரும்பணிகள் அனைத்தையும் இப்பள்ளி வாசலிலிருந்தே பார்த்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பிய வாணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றினார். அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் அவர்தம் தங்கையை மணந்தவர். இருவரும் ஒரே குறிக்கோளை உடையவராயினும் வழிகளால் வேறுபட்டனர். பின்னர்ச் சென்னைக்கு வந்த சீனிவாசனார், 1893ஆம் ஆண்டு அக்டோபரில் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. இழிவென்று பிறர் கருதிய பெயரையே இதழின் நெற்றியில் பொறித்து விற்ற துணிவு எத்தகையது! முதல் இதழின் நானூறு படிகள் சென்னையில் இரண்டே நாளில் விற்றன. திங்கள் இதழாகப் பிறந்தது மூன்று மாதங்களில் கிழமை இதழாயிற்று.

அக்காலத்தில் நம் மாவட்டத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. செங்கல்பட்டு மாவட்டப் பறையரின் நிலைமை குறித்து ஆட்சித்தலைவர் திரெமென்கீர் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892ஆம் ஆண்டில் இம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என நாம் கூறுவது அதுவே. நிலம் ஓரளவு வந்தது. பேசுவதற்கு வாய் வேண்டுமே. அந்த வாயாக விளங்கியது சீனிவாசனாரின் இதழ்.

இந்தியச் சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டுமென்று காங்கிரசார் கோரியபோது, அதனால் அதிகாரம் முழுவதும் மேற்சாதியினர் கைக்கே போய்ச் சேரும் என்று கருதிய அவர், 3412 பேரிடம் கையொப்பம் பெற்று இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு மறுப்பு விண்ணப்பம் அனுப்பினார். 1900ஆம் ஆண்டில் கடல் கடந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆப்பிரிக்காவில் கழிந்தன. அங்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த நாளில் காந்தியடிகளுடன் பழக்கம் ஏற்பட்டது. அடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே என்பர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிப்பீராக.

தாயகம் திரும்பியதும் 1923ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில் எவரையும் சாதி காரணமாகத் தடுத்தலாகாது என அவர் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறி, 1924ஆம் ஆண்டில் அரசாணையாயிற்று. ஆணை பிறந்த மறுநாளே எல்லாக் கிணறுகளும் திறந்துவிடவில்லை என்பதை நம் முதியோர் அறிவர். ஆயினும் தடுப்பவன் பக்கம் சட்டம் இல்லை என்ற நிலை அன்று ஏற்பட்டது.

1930ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்களின் பேராளராக அழைக்கப்பட்டோர் இருவர்: அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும். முன்னவர் நாற்பது வயதை எட்டாதவர். பின்னவர் எழுபதைக் கடந்தவர். இருவரும் இணைந்து அளித்த விண்ணப்பத்தில் சம குடியுரிமை, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை, தனி வாக்காளர் தொகுதி ஆகியவற்றைக் கோரினர். இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துதல் நலம். இன்று நாம் தனித்தொகுதி என்பது, எல்லா வகுப்பாரும் வாக்களிக்க, தாழ்த்தப்பட்டவரே போட்டியிடும் தொகுதி. அவ்விருவரும் கேட்டதோ, தாழ்த்தப்பட்டவரைத் தாழ்த்தப்பட்டவரே தேர்ந்தெடுக்கும் உரிமை. இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு.

1932ஆம் ஆண்டு பிறந்தது. அதன் தொடக்கத்திலேயே நம்மவரிடையே பிளவு நேர்ந்தது. ராவ்பகதூர் எம்.சி. இராஜா, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீடே போதுமென்றார். ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு தம் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டார். மாகாணச் சட்டமன்றங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 71 இடங்கள். அவற்றுக்குத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாக்கொன்று. பொதுத்தொகுதியில் மற்றொரு வாக்கு. கேட்டது கிடைத்தது. ஆனால் அது ஒரு திங்களே நிலைத்தது. எரவாடா சிறையிலிருந்த காந்தியடிகள் அதனை எதிர்த்துச் செப்டம்பர் 20ஆம் நாள் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். நாடே கலங்கியது. அடிகளின் உயிருக்கு ஊறு நேர்ந்தால் சிற்றூர்களில் தனித்து வாழும் சேரிகளுக்கு என்ன நேரும் என்ற அச்சமும் தலைவர்களை வாட்டியது. செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், இராஜா, இராஜாஜி, மாளவியா முதலியோருடன் சீனிவாசனாரும் கையொப்பமிட்டார். யாருக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தாரோ, அவர்தம் உயிர் காக்கவே, தாம் இலண்டன்வரை சென்று பெற்ற உரிமையைக் கைவிட்டுத் தம் கையொப்பத்தை இட வேண்டியதாயிற்று.

பெற்றது என்ன, இழந்தது என்ன? இடங்கள் 71லிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்திற்கு மட்டும் 18லிருந்து 30 ஆயின. ஆனால் நம்மவரைத் தேர்ந்தெடுக்கும் இறுதி முடிவு பிறர் வாக்கில் அடங்கியது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த முப்பது இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரசே வென்றது. வி.ஐ. முனுசாமிப் பிள்ளை அமைச்சரானார். சிவசண்முகம் பிள்ளை சென்னை மேயரானார், பின்னர்ச் சட்டமன்றத் தலைவருமானார். இவை சிறியன அல்ல. ஆயினும் கட்சியின் தயவை நாடாமல் தம் மக்களுக்காக வாய்திறக்கும் உறுப்பினர் அரியரானார் என்ற அம்பேத்கரின் குறைபாட்டைப் புறந்தள்ளுதல் இயலாது. நம் தொகுதியின் வரலாற்றிலும் இதனை இளைஞர்களே எண்ணிப் பார்க்கலாம். அரசியலமைப்பில் பத்தாண்டுகளுக்கு என வகுக்கப்பட்ட ஒதுக்கீடு பத்துப் பத்தாண்டாக நீட்டிக்கப்பட்டு, இப்போது 2030வரை வந்துள்ளது.

இடங்களைப் பற்றிப் பேசுவோர் அவ்வொப்பந்தத்தின் கடைசிக் கூற்றைப் படிப்பதில்லை. ஒன்பது கூறுகளில் ஒன்பதாவது, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான நிதியிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்கெனப் போதிய தொகையை ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்கிறது. பள்ளிக்கு வெளியே ஒளிந்திருந்து படித்த சிறுவன், எழுபது வயதுக்கு மேல் கையொப்பமிட்ட தாளில் இக்கூற்றும் இருந்தது. உண்ணாநோன்பின் பரபரப்பில் அதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. நம் ஏரிக்கரையில் அதன் பொருள் தனியானது. ஏரியில் மீன்பிடிக்கும் பாடு, மரபுவழி உரிமையுடைய குப்பத்தாருக்கு முறை வைத்துப் பகிரப்படுவது. அதில் பங்கில்லாத நம்மவர் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் பிடித்தும், கூலிக்குச் சென்றும் வாழ்ந்தனர். நிலமும் இல்லை, நீரும் இல்லை என்றிருந்தோர்க்குப் பள்ளி ஒன்றே பிறர் பங்கு கேளாத பாடு.

1944ஆம் ஆண்டில், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவர் பள்ளியிறுதிக்கு மேல் பயில உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் விண்ணப்பம் நிரப்பிப் பெறும் உதவித்தொகை அதன் வழிவந்ததே. அடுத்த ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் சீனிவாசனார் சென்னையில் மறைந்தார். ஓட்டேரியிலுள்ள அவர்தம் நினைவிடம் உரிமைக்களம் என்ற பெயரால் வழங்குகிறது.