எஷெரிக்கும் எங்கள் கறிக்கடையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மாடு அறுத்துக் கறி விற்பவர். விடுமுறையில் நானும் கத்தி பிடிப்பதுண்டு. ஆய்வுக்கூடத்தில் 'எஷெரிச்சியா கோலி' என்ற பெயரைக் கேட்டபோது, அப்பெயருக்குரியவரை அறியும் ஆவல் எனக்குள் எழுந்தது.

தியோடர் எஷெரிக் 1857-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள அன்ஸ்பாக் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். குழந்தை மருத்துவத்தையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். அந்நாளில் பச்சிளங் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் ஏராளமாக மடிந்தனர். அதன் காரணத்தைத் தேடிய அவர், மியூனிக் நகரில் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். பிறர் முகஞ்சுளிக்கும் பொருளில் அவர் உண்மையைத் தேடினார். குடலில் வாழும் கோல் வடிவ நுண்ணுயிர் ஒன்றை 1885-இல் உலகுக்கு அறிவித்தார். பின்னர் கிராஸ், வியன்னா நகரங்களில் பேராசிரியராக விளங்கினார். தாய்ப்பாலின் சிறப்பை வலியுறுத்தினார். 1911-இல் மறைந்தார். 1919-இல் அந்நுண்ணுயிர் இனத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவ்வினத்துள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் 1982-இல் அமெரிக்காவில் அரைவேக்காட்டுக் கொத்துக்கறி உண்டோர் இரத்தப்போக்குற்றபோது, ஓ157 என்னும் கொடிய வகை வெளிப்பட்டது. மாட்டின் குடலில் அமைதியாக வாழும் அது, குழந்தைகளின் சிறுநீரகத்தைச் சிதைக்க வல்லது. 1992-93-இல் அந்நாட்டில் நான்கு குழந்தைகள் அதனால் மாண்டனர். குழந்தைகளுக்காகவே வாழ்ந்தவரின் பெயரைத் தாங்கிய உயிரே குழந்தைகளுக்குக் கூற்றாயிற்று!

நல்ல மாட்டின் தசைக்குள் இந்நுண்ணுயிர் இருப்பதில்லை. தோலிலும் சாணத்திலும் இருந்து, நம் கையும் கத்தியுமே அதைக் கறிக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே தோலின் வெளிப்புறம் கறியில் படாமல் உரிக்க வேண்டும். குடலின் முனைகளைக் கட்டிய பின்பே வெளியே எடுக்க வேண்டும். தோலுரித்த கத்தியை 82 டிகிரி வெந்நீரில் முக்க வேண்டும். சாணம் பட்ட இடத்தை அரிந்து எறிய வேண்டும். கறியை விரைவில் 5 டிகிரிக்குக் கீழ் குளிர்விக்க வேண்டும். கொத்துக்கறியில் கிருமி உள்ளேயும் கலந்துவிடுவதால் நடுப்பகுதியும் 71 டிகிரி வரை வேக வேண்டும்.

சாணம் பட்டால் ஈரத்துணியால் துடைப்பதே எங்கள் கடை வழக்கம். அதே துணி அடுத்த துண்டுக்கும் போகும். நான் இவற்றைச் சொன்னபோது தந்தையார் முதலில் சிரித்தார். கறி வாங்குவோர் வீட்டுக் குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன், சிரிப்பு நின்றது. இன்று அத்துணி எங்கள் கடையில் இல்லை. இரண்டு கத்திகளும் ஒரு வெந்நீர்ப் பானையும் இருக்கின்றன. அவ்வறிஞருக்கு நாங்கள் செய்யும் அஞ்சலி அதுவே!