ஆசிரியப் பெருந்தகை எம்.சி. ராஜா

தாம்பரத்திற்கும் சென்னை நகருக்கும் இடையே இருப்புப்பாதையோரம் அமைந்துள்ள பரங்கிமலை, நம் சமுதாயத்திற்கு ஒரு பெருந்தலைவரை ஈந்த ஊராகும். 1883-ஆம் ஆண்டு அங்குப் பிறந்தவர் மயிலை சின்னத்தம்பி ராஜா அவர்கள். சட்டமன்றத்தில் முழங்கிய தலைவராகவே அவரை நம்மவர் அறிவர். அவர் முதற்கண் ஓர் ஆசிரியர் என்பதை இவ்வெள்ளி விழா மலரின் வாயிலாக இளைஞர்க்கு நினைவூட்ட விழைகின்றோம்.

ராஜா அவர்கள் பத்து வயதுச் சிறுவராயிருந்த 1893-இல்தான், சென்னை மாகாண அரசு நம் மக்களின் கல்விக்கெனச் சிறப்பாணை பிறப்பித்தது. ஆணை பிறந்தும் பொதுப்பள்ளிகளின் கதவு எளிதில் திறந்துவிடவில்லை. அத்தகைய காலத்தில் இராயப்பேட்டை வெசுலி பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று தேறினார். அக்கல்லூரி அந்நாளில் நகரின் நடுவே இயங்கியது. 1937-இல்தான் தாம்பரத்திற்கு வந்தது.

கற்றபின் அவர் மேற்கொண்டது பள்ளி ஆசிரியப் பணி. மாணவர்க்குப் பாடநூல்களும் எழுதினார். எவரை எழுத்தறியக் கூடாதென்று ஊர் ஒதுக்கியதோ, அவருள் ஒருவரே கரும்பலகையின் முன் நின்று பிறர்க்கு எழுத்தறிவித்தார். இதனினும் பெரிய சமுதாயப் புரட்சி வேறு யாது?

1916-இல் ஆதிதிராவிட மகாசன சபையின் செயலாளரானார். 1920-இல் சட்டமன்றம் புகுந்தார். இழிவு தொனித்த பழம்பெயர்களை அரசு ஆவணங்களினின்று நீக்கி, ஆதிதிராவிடர் என வழங்குமாறு 1922-இல் தீர்மானம் கொணர்ந்து வென்றார். 1927 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டமன்றத்தில் பணியாற்றினார். 1937-இல் சிலகாலம் மாகாண அமைச்சராகவும் விளங்கினார். 1932-இல் தேர்தல் தொகுதி குறித்து அண்ணல் அம்பேத்கரோடு மாறுபட்டதும் உண்மையே; அதனை மறைக்க வேண்டுவதில்லை. 1943-இல் மறைந்தார்.

இளைஞர்களே! முதுகலைப் பட்டம் பெற்று விரிவுரையாளராக விரும்புவோர் இன்று நம்மிடையே பெருகியுள்ளனர். பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சியளிக்கும் கல்லூரி சைதாப்பேட்டையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உள்ளது. கல்லூரி ஆசிரியர்க்கோ, 1987 முதற்கொண்டே பல்கலைக்கழக மானியக் குழு தனிப் பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தியது. அப்பயிற்சியும் பெரும்பாலும் பணியில் அமர்ந்தபின் கிட்டுவதே. தகுதித் தேர்வு பாட அறிவை அளக்கும். தயங்கி நிற்கும் கடைசி வரிசை மாணவனுக்கு அதனை விளக்கும் திறனை அது தாராது.

அத்திறனை இன்றே பழகுங்கள். ஊர்தோறும் மாலை வகுப்புத் தொடங்குங்கள். ஒரே கருத்தை மூவகையாக விளக்கிப் பாருங்கள். கேட்பவர் மீண்டும் சொல்லக் கேளுங்கள். மூத்த ஆசிரியரை அமர்த்திக் குறைகளைச் சுட்டச் செய்யுங்கள். முதல் தலைமுறையாய்க் கல்லூரி புகும் நம் பிள்ளைகளின் அச்சத்தை நீங்களே நன்கறிவீர்கள். அவ்வறிவு உங்கள் பெருஞ்செல்வம்.

சைதாப்பேட்டையில் ராஜா அவர்களின் பெயர் தாங்கிக் கல்லூரி மாணவர் விடுதியொன்று உள்ளது. அங்கிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் நல்லாசிரியர் பலர் எழுவாராயின், அதுவே அவருக்கு நாம் எடுக்கும் உயரிய நினைவுச் சின்னமாகும்.