ரமணர் பிறந்த திருச்சுழி வீடு: கடனுக்காக விற்கப்பட்டது எப்படி? மீண்டும் கைக்கு வந்தது எப்படி?

அருப்புக்கோட்டையைத் தாண்டி, கரிசல் காடும் கண்மாயும் மாறி மாறி வரும் பாதையில் போனால் திருச்சுழி. குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில். கோயிலை ஒட்டிய தெருவில் 'சுந்தர மந்திரம்' என்றொரு வீடு இருக்கிறது. ரமண மகரிஷி பிறந்த வீடு அது.

இன்று அங்கே தினமும் பூஜை நடக்கிறது. ஆனால், ஒரு காலத்தில் கடனை அடைக்க விற்கப்பட்ட வீடு இது என்பது பலருக்குத் தெரியாது.

யாருடைய வீடு?

சுந்தரம் ஐயரின் வீடு. கிராமக் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அப்புறம் மனு எழுதிக் கொடுத்தார். படிப்படியாக முன்னேறி, திருச்சுழியில் வக்கீலாகவே தொழில் செய்தார். மனைவி அழகம்மாள். பிள்ளைகள் நாகசுவாமி, வேங்கடராமன், நாகசுந்தரம், அலமேலு என நான்கு பேர். 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமணர்.

அப்பா போனதும் என்ன ஆச்சு?

1892 பிப்ரவரியில் சுந்தரம் ஐயர் இறந்துபோனார். வேங்கடராமனுக்கு அப்போது 12 வயது. சம்பாதிக்கும் ஆள் போனதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். அழகம்மாள் சின்னப் பிள்ளைகள் இருவரோடு மானாமதுரையில் இன்னொரு கொழுந்தனார் நெல்லையப்பையர் வீட்டில் தங்கினார். திருச்சுழி வீட்டில் வாழ ஆள் இல்லை.

1896 ஆகஸ்ட் 29. அண்ணனுடைய ஸ்கூல் ஃபீஸுக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, 16 வயது வேங்கடராமன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். 1898-ல் அழகம்மாள் தேடிப்போய் அழைத்தும் திரும்பி வரவில்லை.

வீடு ஏன் விற்கப்பட்டது?

1900-ல் மூத்த மகன் நாகசுவாமியும் இறந்துபோனார். குடும்பம் இன்னும் நொடித்தது. அதே காலத்தில்தான் கடனை அடைக்கவும் குடும்பத்தை ஓட்டவும் திருச்சுழி வீடு விற்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது அழகம்மாளின் நிலைமை. அன்றைய இந்து சட்டப்படி மகன்கள் இருந்தால் விதவைக்குச் சொத்தில் பங்கு கிடையாது. ஜீவனாம்சமும் தங்குவதற்கு இடமும் மட்டும்தான். கல்யாணமாகி வந்து நான்கு பிள்ளைகளை வளர்த்த வீட்டில், அவருடைய பெயருக்கு ஒரு செங்கல்கூட இல்லை. விதவைக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்ற சட்டம் 1937-ல்தான் வந்தது. அதுவும் ஆயுள் இருக்கும்வரைதான். முழு உரிமை கிடைக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அழகம்மாள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

1916-ல் அவர் மகனிடமே போய்ச் சேர்ந்தார். 1922 மே 19 அன்று திருவண்ணாமலையில் காலமானார். அவருடைய சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

துறவிக்குச் சொத்து உண்டா?

ஆசிரமம் வளர்ந்ததும் அதற்கும் சொத்துத் தகராறு வந்தது. முன்பு நிர்வாகம் பார்த்த ஒருவர் உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். சட்டக் கேள்வி இதுதான்: முறைப்படி சந்நியாசம் வாங்கியவருக்குக் குடும்பச் சொத்தில் உரிமை போய்விடும். அப்படியென்றால் ரமணர் பெயரில் சொத்து இருக்கலாமா? தான் சடங்குபடி சந்நியாசம் வாங்கவே இல்லை என்று ரமணர் சாட்சியம் அளித்தார். 1938-ல் ஆசிரம நிர்வாகத்தைத் தம்பி நாகசுந்தரம் வழியில் ஒப்படைத்து உயிலும் எழுதப்பட்டது. கையெழுத்துக்குப் பதிலாக அவர் ஒரு கோடு மட்டும் போட்டார்.

திருச்சுழி வீட்டைப் பின்னாளில் வாங்கியது இதே ஆசிரமம்தான். அப்பா சுந்தரம் ஐயரின் பெயரே வீட்டுக்கு வைக்கப்பட்டது. சுப்பையரின் மதுரை வீடும் 'ரமண மந்திரம்' ஆனது. 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார்.

ஆசிரமம் இல்லாதவர்கள் வீடு?

திருச்சுழி வீட்டுக்கு வாங்க ஓர் ஆசிரமம் இருந்தது. எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அப்போது மிச்சம் இருப்பது நகராட்சி, மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள்தான்.

இதற்கு நல்ல உதாரணம் மைசூரு. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் அங்கே யாதவகிரியில் கட்டிய வீடு, அவர் 2001-ல் மறைந்த பிறகு அடுக்குமாடி கட்டுவதற்காகக் கைமாறியது. 2011-ல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மாநகராட்சி தலையிட்டு வீட்டை வாங்கியது. 2016-ல் அது மியூசியமாகத் திறக்கப்பட்டது. கன்னடத்தில் எழுதாதவருக்கு மக்கள் பணம் எதற்கு என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் கேட்டதும் நடந்தது. உள்ளாட்சி வாங்கினால் அது ஊர்ப் பணம். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்று இப்படி ஒரு வீட்டை விற்க என்ன தேவை?

* உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு உண்டு.
* வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் முதலில் சரிபார்க்க வேண்டும்.
* வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பின்னால் வழக்கு வரலாம்.
* வாங்குவது உள்ளாட்சி என்றால் மன்றத் தீர்மானமும் நிதி ஒதுக்கீடும் வேண்டும். பேச்சை மட்டும் நம்பக் கூடாது.

சுந்தரம் ஐயர் இன்றைய சட்டத்தின் கீழ் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய சொந்த வீட்டை விற்க அழகம்மாளும் நான்கு பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதில் முதல் கையெழுத்து, அன்றைக்கு யாரும் கேட்கத் தேவையில்லாத அழகம்மாளுடையது.