நெருப்பில் சோதித்தவர்: தாடியஸ் ஹயாட்

பாசிர் பெனம்பாங்கின் ஆற்றங்கரை வீடுகளுக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் பழைய லயன் வீடுகளுக்கும் நெடுங்காலம் பலகையே சுவராக இருந்தது. பலகை வீட்டில் பற்றிய தீ, அணைப்பதற்குள் அடுத்த வீட்டுக்குத் தாவிவிடும். இன்று நம் பள்ளிகள், மருத்துவமனைகள், அடுக்குமாடி வீடுகள் எல்லாம் இரும்புக் கம்பிகளை உள்ளே வைத்து வார்க்கப்படும் கான்கிரீட்டால் எழுகின்றன. இதனை வலுவூட்டிய கான்கிரீட் என்பர். இது தீயைத் தாங்கி நிற்கும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குச் சோதனையின் மூலம் சான்று தேடிய முன்னோடிகளுள் ஒருவர் தாடியஸ் ஹயாட்.

ஹயாட் 1816ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ராவே என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் நியூயார்க் நகரக் கடைகளின் நிலவறைகள் இருண்டு கிடந்தன. எண்ணெய் விளக்கு இல்லாமல் அங்கு எந்த வேலையும் நடக்காது. ஹயாட் இரும்புச் சட்டத்தில் தடித்த கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, நடைபாதையின் தளமாக அமைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மேலே மக்கள் நடந்து செல்ல, கீழே பகலொளி இறங்கியது. 1845இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஒளித்தளங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவின. அவர் பெருஞ்செல்வர் ஆனார்.

அந்தச் செல்வத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அந்நாளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்டனர். புதிதாகக் குடியேற்றம் நடந்த கான்சாஸ் பகுதியிலும் அடிமைமுறை வேரூன்றுமா என்பது பெரும் போராட்டமாக இருந்தது. அடிமைமுறையை எதிர்த்துக் குடியேறியவர்களுக்கு உதவுவதற்காக 1856இல் ஒரு தேசியக் குழு அமைந்தது. அதன் தலைவராக ஹயாட் பணியாற்றினார்.

1859இல் ஜான் பிரவுன் என்பவர் அடிமைகளை விடுவிக்கும் நோக்கத்தோடு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்னும் ஊரிலிருந்த அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். அதைப் பற்றி விசாரிக்க அமெரிக்க மேலவை ஒரு குழுவை அமைத்தது. சாட்சி சொல்ல வருமாறு ஹயாட்டுக்கு ஆணை வந்தது. தம்மைக் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்ல வைக்கும் அதிகாரம் மேலவைக்கு இல்லை என்று அவர் மறுத்தார். அதனால் 1860 மார்ச் மாதம் வாஷிங்டன் சிறையில் அடைக்கப்பட்டார். ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே வீடு திரும்பியிருக்கலாம். ஆனால், அவர் இணங்கவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின்னர், ஜூன் மாதத்தில்தான் விடுதலை ஆனார். அதே ஆண்டு கான்சாஸ் கடும் வறட்சியில் வாடியபோது, அம்மக்களுக்கு உதவி திரட்டும் பணியில் இறங்கினார்.

பின்னர், அதிபர் ஆபிரகாம் லிங்கனின் ஆட்சிக் காலத்தில் பிரான்ஸ் நாட்டின் லா ரோஷெல் துறைமுக நகரில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாகப் பணிபுரிந்தார். அதன்பின் அவர் வாழ்வின் பெரும்பகுதி இங்கிலாந்தோடு பிணைந்தது.

அக்காலக் கட்டட வல்லுநர்கள் பலர், மரத்துக்குப் பதிலாக இரும்பைப் பயன்படுத்தினால் கட்டடம் தீக்கு அஞ்சத் தேவையில்லை என்று எண்ணினர். இரும்பு எரியாது என்பது உண்மைதான். ஆனால், கடும் வெப்பத்தில் அது இளகி வளைந்துவிடும். வார்ப்பிரும்புத் தூண்களின் மீது தீயணைப்போர் நீரைப் பாய்ச்சினால் அவை வெடித்துப் பிளப்பதும் உண்டு. 1871இல் சிகாகோ நகரம் தீக்கிரையானது. ஏறக்குறைய 300 பேர் உயிரிழந்தனர். ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். அடுத்த ஆண்டே பாஸ்டன் நகரின் வணிகப் பகுதி எரிந்தது. எரியாத பொருள் என்பது வேறு, தீயைத் தாங்கும் கட்டடம் என்பது வேறு என்ற பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

ஹயாட் இரும்பையும் கான்கிரீட்டையும் ஒன்றுசேர்க்க முனைந்தார். இம்முயற்சியில் அவர் மட்டும் இருக்கவில்லை. பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, கம்பி வலையைச் சிமெண்டில் பொதித்துப் பூந்தொட்டிகள் செய்து 1867இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஹயாட்டின் சிறப்பு, எதையும் அளந்து பார்த்ததில் இருக்கிறது. அவர் ஏறத்தாழ 50 உத்திரங்களைச் செய்வித்து, இலண்டனில் டேவிட் கிர்கால்டி நடத்திய புகழ்பெற்ற சோதனைக் கூடத்தில் அவற்றை உடையும்வரை சோதிக்கச் செய்தார். தீயின் வெப்பத்தை இப்புதிய கலவை எவ்வாறு தாங்குகிறது என்பதையும் ஆராய்ந்தார்.

அவர் கண்ட உண்மைகள் மூன்று. முதலாவது, கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால், இழுத்தால் எளிதில் விரிசல் விடும். பாரம் ஏறும்போது உத்திரத்தின் அடிப்பகுதியே இழுபடுகிறது. எனவே, இரும்பை அங்கு வைத்தால் குறைந்த இரும்பே போதும். இரண்டாவது, கான்கிரீட் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், உள்ளிருக்கும் இரும்புக்கு அது கவசமாகிறது. மூன்றாவது, வெப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன. 10 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அதே நிலையில் கான்கிரீட் சுமார் 10 மில்லிமீட்டர் நீளும். இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்திருந்தால், பிடிப்பு விட்டுக் கட்டடம் தளர்ந்திருக்கும்.

இம்முடிவுகளை 1877இல் ஒரு நூலாக அச்சிட்டார். அது விற்பனைக்கு வரவில்லை. தனிப்பட்ட முறையில் சிலருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார். எனினும், வலுவூட்டிய கான்கிரீட்டால் வந்த புகழும் பொருளும் பெரும்பாலும் பிறரைச் சேர்ந்தன. 1901இல் இங்கிலாந்தின் வைட் தீவில், 85ஆம் வயதில் ஹயாட் காலமானார். மறு ஆண்டு, அவர் பிறந்த அதே நியூ ஜெர்சி மாநிலத்தில், பேயோன் நகரத்து வெண்காரத் தொழிற்சாலையில் பெருந்தீ மூண்டது. உள்ளே இருந்த பொருள்கள் எரிந்து அழிந்தன. கான்கிரீட் சுவர்களும் தளங்களும் நிலைத்து நின்றன. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

இன்று மிகக் கடுமையான பாதுகாப்பு தேவைப்படும் அணுமின் நிலையங்களும் இதே கட்டுமான முறையை நம்பியிருக்கின்றன. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1983இல் இயங்கத் தொடங்கிய அணு உலையும் கான்கிரீட் கூட்டுக்குள்தான் இருக்கிறது. அங்குத் தடித்த கான்கிரீட் கதிரியக்கத்தையும் தடுக்கிறது, தீயையும் தடுக்கிறது.

ஆயினும், கான்கிரீட்டுக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 550 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எஃகு தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும். ஆகவே, கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனமே கட்டடம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. கான்கிரீட்டில் தங்கிய ஈரம் நீராவியாகி அழுத்தம் கூடும்போது, மேற்பரப்பு சில்லு சில்லாக வெடித்து உதிர்வதும் உண்டு. சுவர் மட்டும் உறுதியாக இருந்தால் போதாது என்பதையும் அனுபவம் காட்டியது. 1993இல் இந்தியாவின் நரோரா அணுமின் நிலையத்தில் சுழலியின் தகடுகள் உடைந்து தீ மூண்டது. தீ மின்வடங்கள் வழியே பரவியது. கட்டுப்பாட்டு அறையில் புகை புகுந்தது. நிலையம் 17 மணி நேரம் மின்சாரம் இன்றித் தவித்தது. பணியாளர்களின் விரைந்த செயலால் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை. மின்வடங்களைத் தனித்தனியே பிரித்து அமைப்பதும், அவை சுவரைக் கடக்கும் துளைகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இத்தகைய விபத்துகள் உணர்த்தின.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. ஆயினும், 1982 முதல் பாங்கியில் ஓர் ஆய்வு அணு உலை இயங்கி வருகிறது. அதைக் காக்கும் பொறியாளர் முதல் நம் ஊரில் வீடு கட்டும் கொத்தனார் வரை, கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வெளிப்பூச்சு முடிந்தபின் அந்தக் கனம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், தீ வரும் நாளில் அக்கட்டடத்தில் இருப்போரின் உயிர் அதைப் பொறுத்தே அமையும்.