குருதியின் வழி கண்ட இப்னு நபீஸ்

டமாஸ்கஸ் நகரை அடுத்து 1213 ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னு நபீஸ், அந்நகரின் நூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதும், முன்னோர் நூல்களை ஆழ்ந்து ஓதி உரை வரைவதும் அக்கால உயர்கல்வியின் இரு கண்கள்.

இதயத்தின் வலவறைக் குருதி, நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இடவறை புகும் என்பது கிரேக்க மருத்துவர் காலனின் கொள்கை. மருத்துவ மேதை இப்னு சீனாவும் அதனை ஏற்றிருந்தார். இப்னு சீனா நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242 அளவில் உரை வரைந்த இளைஞர் இப்னு நபீஸோ அதனை மறுத்தார். சுவர் திண்ணியது, துளை அதில் இல்லை, குருதி நுரையீரல் சென்று, காற்றொடு கலந்த பின்னரே இடவறை சேரும் என்று எழுதினார். மூலநூல் ஆசிரியர்பால் கொண்ட மதிப்பு, உண்மையுரைக்கத் தடையாகவில்லை.

கெய்ரோவில் புகழ்பெற்ற மருத்துவராய் விளங்கிய அன்னார், தம் இல்லத்தையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கு வழங்கி 1288 இல் மறைந்தார். காலப்போக்கில் அவர்தம் கண்டுபிடிப்பை உலகம் மறந்தது. 1924 இல், ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட எகிப்திய மாணவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி, பெர்லின் நூலகச் சுவடியொன்றில் அதனை மீண்டும் கண்டார்.

உரைகாரர் ஐயுற்று ஓதினார். ஆய்வு மாணவரோ சுவடியைத் தேடி ஓதினார். ஆய்வுலகில் அடியெடுத்து வைக்கும் நம் மாணவமணிகட்கு இவ்விரண்டும் வேண்டும்.